கத்திக் கீறல் இல்லாத தட்டு

— முதல் சப்பாத்தைக் கழட்டுங்கோ. வீடெல்லாம் பனித்தண்ணி.

— கழட்டிறன், ஜெகா. நீர் ஒருக்கா இந்தத் தட்டைப் பாருமன்…

— பாக்கிறன், பாக்கிறன். காரை ஏன் ஸ்டார்ட்டிலை விட்டிட்டு வந்தனீங்கள்?

— அது… பால் வாங்கத் திருப்பிப் போகவேணும். மூலைக்கடைக்கு, அந்த டெப்பனருக்கு.

— ஓகோ. இது எங்கை பொறுக்கினது?

— நோத்ர-டாம்-த-கிரேஸிலை. சேர்ச்சுக்குக் கீழை பழைய சாமான் வித்தவை.

— இந்தக் குளிருக்கை, லாசாலிலை இருந்து அவ்வளவு தூரம்… உங்களுக்கு விசர்.

— ஆருக்கு? அலுமாரி அலுமாரியாக் கண்ணாடிச் சாமான் நிறைச்சு வைச்சிருக்கிறது நீரோ, நானோ?

— கதையை விட்டிட்டு அந்தப் பூதக்கண்ணாடியை எடுங்கோ.

— இந்தாரும், டொக்டர் அம்மா.

— ம்… ரோஸ் நிறம் சரி. பாரமும் இல்லை, போலியெண்டால் கனக்கும். உள்ளுக்கை குட்டிக் குட்டிக் குமிழ்.

— விளிம்பிலை பூ?

— அச்சோடையே வார்த்த பூ, பேந்து செதுக்கினதில்லை. தொண்ணூறு வருசத்துத் தட்டுத்தான்.

— மூண்டாப் பிரிச்சிருக்கு, கண்டீரோ?

— நான் என்ன குருடோ? சோத்துக்கு ஒண்டு, கறிக்கு ஒண்டு, சம்பலுக்கு ஒண்டு. வெள்ளைக்காரன் எங்களுக்கெண்டே செய்தவன் எண்டு தம்பி…

— ஏன் நிப்பாட்டிட்டீர்?

— ஒண்டுமில்லை.

— உம்மடை தம்பி பேரின்பம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அதுதானே?

— அவன்ரை கதை இப்ப ஏன்?

— சும்மாதான். மொன்ட்ரியால்-நோர் வீடு ஞாபகம் வந்திட்டுது. வந்திறங்கின முதல் பனிக்காலம்… நாங்கள் மூண்டு பேர், ஒரு சட்டி.

— வீட்டுக்காரி மதாம் மாக்கிரட் கதவைத் தட்டி, இதேமாதிரி மூண்டு தட்டை நீட்டி, பிரெஞ்சிலை பொழிஞ்சு தள்ளினா. நாங்கள் நிண்டு "மெர்சி, மெர்சி"…

— அவவின்ரை தாய்க்காரி அந்தக் காலத்திலை படம் பாக்கப் போகேக்கை தியேட்டரிலை இனாமாக் குடுத்ததெண்டு பேந்துதானே விளங்கினது.

— பெட்டியாலை வெளியிலை எடுக்காமலே வைச்சிருந்திருக்கினம். நாங்கள்தான் முதல் சாப்பிட்டது. வெறும் சோறும் பருப்பும்… எண்டாலும் அந்தத் தட்டிலை போட்டால் கலியாணவீடு மாதிரி. எவ்வளவு சந்தோசமா இருந்தம்!

— இப்ப ரண்டு தட்டுத்தான் மிச்சம்.

— அவனைப் போ எண்டுதானே சொன்னனான். தட்டைக் கொண்டுபோகச் சொன்னனானோ?

— சொன்னனீர். "சேர்ச்சுக்காரியைத்தான் கட்டுவனெண்டால் உன்ரை தட்டையும் தூக்கிக்கொண்டு போ" எண்டு. நான் பக்கத்திலை நிண்டனான்.

— அவன் உண்மையாவே தூக்கிக்கொண்டு போவானெண்டு ஆர் கண்டது…

— முப்பது வருசமா நானும் இதேமாதிரித் தட்டுத் தேடித்தேடி வாங்கி வாறன். நீர் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்திட்டு, "கத்திக் கீறல் கிடக்கு, இதில்லை" எண்டு அலுமாரிக்குள்ளை தள்ளுறீர்.

— கத்தி முள்ளாலை சாப்பிட்ட தட்டு கீறாமல் இருக்குமோ? எங்கடை ரண்டையும் பாருங்கோ, பளிங்கு மாதிரி.

— சரி, இதையும் வெளிச்சத்திலை பிடியும்.

— கீறல் இல்லை.

— ஆரும் பாவிக்காத தட்டாக்கும்.

— பாவிச்சதுதான். அடிப்பக்கம் மேசையிலை தேஞ்சு மங்கிக் கிடக்கு. மேலை மட்டும் ஒரு கீறும் இல்லை. இதிலை சாப்பிட்ட ஆள் கையாலை சாப்பிட்டிருக்கு.

— அப்பிடியோ…

— அப்பிடியோவாம்! பாத்திரம் கழுவுற மெஷினிலையும் போடேல்லை, வெள்ளை படரேல்லை. ஆரோ பத்திரமாக் கையாலை கழுவி வைச்சிருக்கினம். என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ, சேர்ச்சுக்குக் கீழையோ வாங்கினது?

— கோவிக்காதையும், ஜெகா… அவன்தான் தந்து விட்டவன். அவனும் பெண்சாதி றோசாவும் கீழை காருக்குள்ளை இருக்கினம். நீர் ஓமெண்டால்தான் ஏறி வருவினமாம்.

— நீங்கள் கார் நிப்பாட்டேக்கையே யன்னலாலை கண்டிட்டன். அவைக்கும் சேர்த்து அரிசி போட்டாச்சு, ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ரை தட்டை றோசாவுக்கு வைக்கிறன்… போற வழியிலை அலுமாரியைத் திறந்து, எனக்கு ஒரு கீறல் தட்டு எடுத்து வைச்சிட்டுப் போங்கோ.