மொட்டை ஸ்க்ரூ

என் பட்டறைக்கு வருகிறவர்கள் பொருள் ஏன் கெட்டது என்று கேட்பதில்லை, ஐயா. எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். யாராவது காரணம் கேட்டால் மறைக்க எனக்குத் தெரியாது. சிவராமன் கேட்டார், சொன்னேன், இவ்வளவுதான் நடந்தது என்று காலையில் வாக்குமூலத்தில் உங்களிடம் சொல்லியிருந்தேன்.

மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் தண்டிலிருந்து மிக்ஸி பிளேடு வரை எது வந்தாலும் பார்ப்பேன். ரிவால்வரைத் தொட எனக்கு உரிமம் கிடையாது. குற்றம் என்று தெரிந்துதான் தொட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

சிவராமன் எங்கள் தெருக்காரர். பணம் ஏற்றிப் போகும் வண்டிக்குக் காவல் இருந்த காலத்தில் அந்த ரிவால்வருக்கு உரிமம் வாங்கினார். வேலை போன பிறகும் அதை விடவில்லை. தேர்தல் அறிவித்ததும் எல்லோரையும் போல ஸ்டேஷனில் ஒப்படைத்தார், முடிந்ததும் வாங்கி வந்தார். வந்த சில நாளில் அதன் சுத்தி, தோட்டாவைத் தட்டும் பாகம், அசையாமல் நின்றுவிட்டது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். தகட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூவின் தலை சிதைந்து மொட்டையாகக் கிடந்தது. துண்டில் சுற்றி, காய்கறிப் பையில் போட்டு என்னிடம் எடுத்து வந்தார்.

எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அசையவில்லை. சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவின் தலையில் வைத்துச் சூடேற்றினேன். கண்ணை எரிக்கும் புகை வந்தது. துருவுக்கு அந்த வாசனை கிடையாது. உடைந்த பொம்மையை ஒட்ட வீட்டில் வாங்கி வைப்போமே, விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும் பசை, அது. தலையில் இருந்த வெட்டுகளும் ஸ்க்ரூடிரைவரால் விழுந்தவை அல்ல. காய் நறுக்கும் கத்தி.

மறுநாள் காலை அவர் மனைவி தாயம்மாள் வந்தார். லேத் சுற்றுவதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நிறுத்தினேன்.

"அண்ணே, அத்த ரிப்பேர் பண்ணாதண்ணே. ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"ஏம்மா?"

"கொயம்புல உப்பு கம்மின்னா அத்த எடுத்து தட்டாண்ட வைக்கிறாரு. எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல வாங்கி வச்சிக்கிறாங்க பாரு, அப்பதான் நான் தூங்கறேன். எலெக்ஷன் இன்னா மாசா மாசமா வருது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லிவிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சாயங்காலம் சிவராமன் வந்ததும், இது ஆகாது என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை முதலில் காப்பாற்றினேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"இன்னா கோவிந்தா, ஒரு ஸ்க்ரூ உன்ன மொட்டையடிச்சிட்ச்சா?" பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வுடு நைனா, உனுக்கு வயசாயிட்ச்சு. திருமயிசைல ஒருத்தன் கீறான். ஒரு டீ குடிக்கிற நேரத்துல கயட்டிக் குடுத்துடுவான்."

யாரோ சிரித்தார்கள். பையை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"எப்ப கெடைக்கும்?" என்று கேட்டார்.

"நாளைக்கு."

ஸ்க்ரூவின் நடுவில் புள்ளி குத்தினேன். சூடேற்றிப் பசை இளகிய சமயம் பார்த்து, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டை மெல்ல இறக்கினேன். ஸ்க்ரூ அதைப் பற்றிக்கொண்டு தானே மேலேறி வந்தது. மரையில் ஒரு கீறல் இல்லை. உள்ளே காய்ந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்தேன், புதிய ஸ்க்ரூ கடைந்து போட்டேன். சுத்தி தடங்கலில்லாமல் போய் வந்தது. தாயம்மாளின் ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. நான் விட்டாலும் திருமழிசைக்காரன் கழற்றத்தான் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

மறுநாள் சிவராமன் வந்து வாங்கிப் பார்த்தார். "கைகாரன்யா நீ" என்றார். துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். டீக்கடையில் அதே ஆட்கள்தான் நின்றிருந்தார்கள். கழற்றுவதை யாரும் கழற்றலாம். கோளாறு என்னவென்று திருமழிசைக்காரனால் கண்டுபிடித்திருக்க முடியாது. அது அவர்களுக்கும் தெரியட்டும் என்று தோன்றியது. சற்று உரக்கவே சொன்னேன்.

"துரு இல்ல சிவராமா. யாரோ பசை ஊத்திக்கீறாங்க. காய் நறுக்கற கத்தியால தலைய செதச்சிக்கீறாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார். டீக்கடையில் ஒருவர் எனக்குத் தலையாட்டினார். எனக்கு நிறைவாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. லேத் ஓடிக்கொண்டிருந்தும் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது தாயம்மாள் அடுப்புப் பக்கத்தில் இறந்து கிடந்தார். சிவராமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் சொன்னதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், ஐயா. எப்போது கிடைக்கும் என்றுதான் அவர் கேட்டார். ஏன் கெட்டது என்று கேட்கவேயில்லை.