பவளக்காரர் வீட்டு விருந்தாளி

கடல் இப்போ நிக்கிற இடத்துல பாதி ஊர் இருந்த காலம் அது. புன்னைத்துறைன்னு ஒரு ஊராம். முத்துக் குளிக்கிற ஊரு, வேதக்கார ஊரு, எல்லாரும் கிறிஸ்தவங்க. அங்கே கித்தேரியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருஷன் கயித்தான் தோணியில போனவன், போனவன்தான். தோணி மட்டும் கவுந்து கரை ஒதுங்குச்சாம்.

ஊர் என்ன சொல்லுச்சு? ஆள் போயாச்சு, ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் முடிஞ்சதும் பூசை வச்சுத் தாலியை இறக்கணும்னு சொல்லுச்சு. கித்தேரி என்ன சொன்னா? உடம்பைக் காட்டுங்க, இறக்குறேன்னு சொன்னா. அடுப்பு மூட்டலை, கஞ்சி காய்ச்சலை. வாசப்படியில உக்காந்து கடலையே பார்த்தாளாம். "மீனும் இமைக்காது, எங்க மதினியும் இமைக்க மாட்டா"ன்னு நாத்தனா குத்திக்காட்டுனாளாம்.

அடுத்த வீட்டுல நப்தலின்னு ஒரு யூதர். பவளம் விக்கிறவர், அதனால ஊருக்குப் பவளக்காரர். அவர் சனமெல்லாம் கொச்சிக்குப் போயிருச்சு, இவர் மட்டும் இந்த உப்புக்காத்தை விட்டுப் போகலையாம்.

பாஸ்குக்கு முந்தி வர்ற பெரிய வியாழன். பொழுது சாயுது. அன்னைக்கு அவருக்கும் பண்டிகை, அவங்க முன்னோர் எகிப்துல அடிமைத்தனத்தை விட்டு வந்த நாள். கித்தேரி பார்க்கிறா. எப்பவும் சாத்திக் கிடக்கிற கதவைப் பவளக்காரர் விரியத் திறந்து வைக்கிறார். உள்ளே, ஆளில்லாத இடத்துக்கு முன்னால ஒரு கிண்ணத்துல திராட்சை ரசம் ஊத்துறார். கயித்தான் வர்றதாச் சேதி வந்திருக்கு, அவனுக்குத்தான் கதவு திறக்குதுன்னு ஓடுனாளாம்.

"அண்ணாச்சி, எங்க இருக்காரு அவரு?"

பவளக்காரருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. விளங்கினதும் முகம் வாடிப்போச்சாம். இது எலியா தீர்க்கதரிசிக்கு, உலகத்தை மீட்க மேசியா வரப்போறார்னு அவர்தான் முன்னால வந்து சொல்லுவார், அதுக்காக வருஷாவருஷம் திறக்கிறதுன்னு மெதுவாச் சொன்னாராம்.

கித்தேரிக்கு ஆத்திரம். "மேசியாதான் எங்க ஆண்டவரா வந்தாச்சே. இன்னும் யாருக்குக் கதவு?"

"வந்தாச்சுன்னா இந்தக் கடல் ஏன் தங்கச்சி இன்னும் ஆளைத் தின்னுது? அவர் வந்தா உலகத்துல அழுகையே இருக்காதுன்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கு."

அதே கேள்வியைச் சிலுவையில பாடுபட்ட சுரூபத்துக்கிட்ட அவளும் கேட்டவதானே. ஆனாலும் சொன்னா: "அவரையும்தான் அண்ணாச்சி கொன்னாங்க. வந்தாரு, பட்டாரு, அதனால என் வலி அவருக்குத் தெரியும். மறுபடி வருவாரு. அப்போ அழுகை நிக்கும்."

"அப்போ நீயும் காத்துக்கிட்டுத்தான் இருக்க."

கித்தேரி கேட்டா: "இத்தனை காலமா வரலையே, எப்படித் தாங்குறீங்க?"

"கதவைத் திறந்து வைப்போம். அப்புறம் சாப்பிட உக்காந்துருவோம். பட்டினி கிடந்து காத்திருக்கச் சொல்லலைம்மா."

புளிக்காத அப்பத்தைப் பிட்டு, கசப்புக்கீரையை உப்புத்தண்ணியில முக்கி வச்சுக் கொடுத்தாராம். கித்தேரி தின்னா. கயித்தான் போனப்புறம் அன்னைக்குத்தான் அவ நாக்குல உப்பு பட்டுச்சாம்.

கயித்தான் வரலை. தாலியை அவ இறக்கவும் இல்லை. ஊரும் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுபோச்சு. வருஷாவருஷம் பெரிய வியாழன் பொழுது சாய்ஞ்சா கதவைத் திறப்பாளாம், ஒரு தட்டு கூடுதலா வைப்பாளாம், உக்காந்து சாப்பிடுவாளாம். பவளக்காரர் கண்ணை மூடின வருஷத்துல இருந்து தட்டுக்குப் பக்கத்துல ஒரு கிண்ணமும் வச்சாளாம்.

இப்போ அந்தத் தெரு கடலுக்குள்ள கிடக்கு. நாங்க இருக்கிறது பின்னால தள்ளிக் கட்டுன தெரு. எல்லாம் இரும்புக் கதவு. திறந்து போட்டா நாய் வருமோ, யார் வருவாங்களோன்னு எனக்கு ஒரே பதைப்பு. ஆனாலும் பெரிய வியாழன் அன்னைக்கு ஒரு வீட்டுலயும் தாழ் போடுறதில்லை, தட்டும் கிண்ணமும் வைக்காத வீடும் இல்லை. தட்டு யாருக்குன்னு கேட்டா, ஆண்டவருக்குன்னு சிலர், கடல்ல போனவங்களுக்குன்னு சிலர். கிண்ணம் யாருக்குன்னா மட்டும் தெரு முழுக்க ஒரே பதில்தான்: பவளக்காரர் வீட்டு விருந்தாளிக்கு. அவர் இன்னும் வரலை, ஊத்தி வைங்க.