பதினைந்தாவது நிமிடம்

எனக்குப் பொறுமை அதிகம், ஐயா. பால் பொங்கும்வரை அடுப்படியை விட்டு அசையாமல் நிற்கும் ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்று என் மனைவியே சொல்லுவாள்.

இருபத்திரண்டு வருடம் இந்த ஆஸ்பத்திரி லேபில் இருந்தேன். சளியில் என்ன வைரஸ் என்று என் மெஷின் சொல்ல ஒரு நாள் ஆகும். ஆனால் சொன்னால் சொன்னதுதான். சின்ன டாக்டரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. மலிவு விலையில் சோதனைப் பட்டைகளை வரவழைத்தாள். மூக்குச் சளியை மருந்தில் கரைத்துச் சொட்டு விட்டு, பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது கோடு தெரிந்தால் நோய் உண்டு. முந்நூறு பேருக்குப் பட்டையிலும் மெஷினிலும் பார்த்து ஒப்பிடுவதாக ஏற்பாடு. பட்டையைப் பார்த்து எழுதும் வேலை எனக்கு.

முதல் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “இது மட்டும் தேறிட்டா லேபே வேணாம்ணே. வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி கூடப் பாத்துச் சொல்லிடலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. ஐந்தாவது நிமிடம் பார்ப்பேன். அழுத்தமான கோடு அதற்குள் வந்துவிடும். உண்டு என்று எழுதுவேன். மங்கலானவைதான் நேரம் கேட்கும். அதற்கெல்லாம் காத்துக் கிடக்க நான் அவள் வீட்டு வேலைக்காரனா? இல்லை என்று எழுதிவிட்டுப் பட்டையை உடனே மருந்துத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுவேன். சுத்தம் முக்கியம். பதிவேட்டின் நேரக் கட்டத்தில் பதினைந்து என்று காலையிலேயே மொத்தமாக நிரப்பிவிடுவது வழக்கம்.

“அதுக்குள்ள பாத்துட்டீங்களாண்ணே?” என்று நர்ஸ் ஒருமுறை கேட்டாள்.

“இருபத்திரண்டு வருஷக் கண்ணும்மா,” என்றேன்.

மெஷின் முடிவு வரும்வரை என் எழுத்தை வைத்துத்தான் கட்டில் கொடுத்தார்கள். உண்டு என்றால் தனியறை. இல்லை என்றால் முதியவர்களோடு பொது வார்டு. அது எனக்குத் தெரியும். ஒரு தையல்காரப் பெண்ணின் பட்டையில் ஐந்தாவது நிமிடம் நூல்போலச் சிவப்பு எழும்பத் தொடங்கியது. எழும்பி முடியவில்லையே. இல்லை என்று எழுதினேன். மறுநாள் மெஷின் உண்டு என்றது. அவள் பிழைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் தபால்காரரும் எதிர்க்கட்டில் கிழவிகள் இரண்டு பேரும் பத்து நாளில் போய்ச் சேர்ந்தார்கள். வயதானவர்கள்தான்.

பட்டை லாயக்கில்லை என்று முடிவானது. சின்ன டாக்டரம்மா என் லேபுக்கே வந்து அழுதாள். “நான்தாண்ணே அவங்களக் கொன்னுட்டேன்,” என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

முந்நூறு பேரில் ஒரே ஒரு வரியில் மட்டும் நான்கு பத்து முதல் நான்கு இருபத்தைந்து வரை என்று மணி குறித்திருப்பது ஏன் என்று கேட்கிறீர்கள். அது என் மகள், ஐயா. அன்று அவளுக்குக் காய்ச்சல். பதினைந்து நிமிடமும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதினான்காவது நிமிடம் மங்கலாக ஒரு கோடு வந்தது. தனியறைக்கு நானே கூட்டிப்போனேன்.

மற்றபடி நான் யாருக்கும் பாரபட்சம் பார்த்ததில்லை.