நித்திரை கொள்ளாத டிஸ்க்

கிரானில் பஸ் ஏறிய இரண்டு பேர் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். கண்ணாடி போட்டவர் சொன்னதைக் கேட்டுத்தான் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினேன்.

“எங்கட வீட்டு டிஸ்க் நித்திரை கொள்ளுதில்லை, மச்சான்.”

மற்றவர் சிரித்தார். “என்னடா கதை?”

“வீட்டு வீடியோ எல்லாம் வீட்டுச் சேர்வர் டிஸ்க்கில போட்டு வச்சிரிக்கன். வெளிநாட்டுச் சொந்தக்காரரும் பாப்பாங்க. ஆரும் பாக்காட்டி கரண்ட் மிச்சம் பிடிக்க இருவது நிமிசத்தில டிஸ்க் தானா நிண்டிரும். இப்ப ஒரு கிழமையாப் பின்னேரம் நாலு மணிக்கு எழும்புது. ஆரெண்டு பாத்தன். தம்பிட பேர்ல வாறாங்க.”

“பாஸ்வேட் ஆருக்குத் தெரியும்?”

“அவனுக்கு மட்டுந்தான்.”

சிரிப்பு நின்றது. “கடலால வெளிநாடு போகப் போட்டில ஏறினவன்டா. ரெண்டு வருசமாத் தகவல் இல்லை, செத்திட்டான் எண்டு முப்பத்தோராம் நாளும் செஞ்சு முடிச்சிட்டீங்களே.”

“அந்த முப்பத்தோராம் நாள் வீடியோவைத்தான் பாக்கிறான். ஒவ்வொரு நாளும் அம்மா விழுந்து அழுற இடத்தில நிப்பாட்டுறான்.”

பஸ் சித்தாண்டியைத் தாண்டியது. மற்றவர் அவர் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“அம்மாட்டச் சொன்னியா?”

“எப்பிடிச் சொல்ல? வீடியோட பேரை மட்டும் ‘வீட்டுக்கு ஒரு போன் எடு’ எண்டு மாத்தி வச்சிரிக்கன்.”

“எடுத்தானா?”

“இல்லை. அந்தக் கரண்ட் மிச்சம் பிடிக்கிறதையும் நிப்பாட்டிப்போட்டன். நிண்ட டிஸ்க் திரும்ப ஓடச் சுணங்கும். அதுக்குள்ள அவன் போயிருவான் எண்டு பயமா இரிக்கு.”