கேட்டு சாத்துறதுக்குள்ள

— கொஞ்சம் முறுக்கு மாமா. ஒன்றரைக்குக் கேட்டச் சாத்திட்டா அப்பறம் கால்ல உழுந்தாலும் உள்ள உட மாட்டாங்க.

— முறுக்கிகினுதான் இருக்கேன். பின்னாடி உக்காந்துகினு நீ ஆடற ஆட்டத்துல வண்டி கோணிகினு போவுது. இப்பதான் சிப்காட்டத் தாண்டியிருக்கோம். சிதம்பரம் இன்னா பக்கத்துத் தெருவுலயா இருக்குது?

— நான் எங்க ஆடறேன்?

— நீ ஆடறது எனக்குத் தெரியாதா? வாய்க்குள்ளயே இன்னா முணுமுணுக்கற?

— பிசிக்ஸ் ஃபார்முலா. பேச்சுக் குடுக்காத, மறந்துரும்.

— மறந்தா மறந்துட்டுப் போவட்டும்.

— இன்னா சொன்ன?

— ஒண்ணுமில்ல.

— இல்ல, ஏதோ சொன்ன. காத்துல சரியா கேக்கல.

— புதுச்சத்திரம் வந்திரிச்சி. ஓரமா நிறுத்தறேன், செத்த எறங்கு.

— ஏன், பங்க்சரா?

— வண்டிக்கு ஒண்ணும் ஆவல. ஓட்டிகினே சொல்ல முடியல, அதான். இளவரசி, நீட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். திரும்பிரலாமா?

— வெளையாடாத மாமா. மணியப் பாரு.

— வெளையாடல. இது மூணாவது தரம். போன தரம் ரிசல்ட் வந்தப்ப இன்னா பண்ண? சோறு தண்ணி இல்லாம செவுத்தப் பாத்துகினு படுத்துக் கெடந்த. நம்ம பொண்ணு மோனிகா எங்கிட்ட வந்து, 'அப்பா, அம்மாவுக்கு இன்னாதான் ஆச்சி'ன்னு கேக்குது. நான் இன்னா சொல்லுவேன்? கரும்பு லோட ஏத்திகினு போயி நெல்லிக்குப்பம் மில்லு வாசல்ல லாரிய நிறுத்திட்டு நிக்கறேன், மனசு பூரா வூட்டுலயே கெடக்குது. தனியா இருக்காளே, ஏதாச்சும் பண்ணிக்குவாளோன்னு.

— அப்பிடியா நெனச்ச?

— பதினேழு வயசுப் புள்ளைங்கள பேப்பர்ல பாக்கறியா இல்லியா?

— மாமா, எனக்கு முப்பத்தஞ்சு ஆவுது. பன்னண்டாவதுல பிசிக்ஸ்ல ரெண்டு தரம் கோட் அடிச்சவ. மூணாந்தரம் ஜஸ்ட் பாஸு. அந்த மார்க்க வச்சிகினு நீட்டே எழுத முடியாதுன்னாங்க. ஓப்பன் ஸ்கூல்ல பேரக் குடுத்து, திரும்பவும் பன்னண்டாவது எழுதினேன். ஃபெயிலாவறது எனக்கு இன்னா புதுசா? அதுக்கெல்லாம் சாவ மாட்டேன்.

— அப்ப ஃபெயிலானியே, அந்த வருஷம் உங்கப்பா படுத்த படுக்கையா இருந்தாரு. அதனாலதான்...

— செத்த மனுசன் மேல ஏன் பழியப் போடற? படிக்கல, ஃபெயிலானேன். அவ்ளோதான்.

— சரி, போவட்டும். இப்ப எதுக்கு இந்த வெறி? ஆஸ்பத்திரியில வேல இருக்குது, நல்ல பேரு இருக்குது. இன்னா கொறச்சல்?

— ஆபரேசன் தியேட்டர்ல டாக்டரு கைய நீட்டுவாரு. நான் கத்திரிய எடுத்து வப்பேன். அவரு தையல் போடறப்ப, கையுறைக்குள்ள என் வெரலு தானா அசையுது மாமா. யாருக்கும் தெரியாம மடக்கி வச்சிக்குவேன். ஒரு நாளாச்சும் நான் கைய நீட்டணும், இன்னொருத்தர் எடுத்து வக்கணும். தோத்துட்டு ஒரு வாரம் படுத்திருந்தத நீ பாத்த. எழுதாம உட்டுட்டா தெனம் அப்பிடித்தான் இருப்பேன். சிரிச்சிகினே சோறு போடுவேன், உனக்குத் தெரியவே தெரியாது.

— அந்தத் தண்ணி பாட்டில இப்பிடிக் குடு.

— இந்தா. மணி ஆவுது மாமா.

— ஏறு.

— எங்க? கடலூருக்கா, சிதம்பரத்துக்கா?

— ஏறுன்னா ஏறு. அந்த ஃபார்முலாவ சத்தமா சொல்லிகினே வா. காத கிழிக்கற மாதிரி சொல்லு, பரவால்ல.

— எப்பா! வந்துட்டோம் மாமா. அதோ அந்தக் காலேஜுதான். கேட்டு இன்னும் சாத்தல. இந்தா தோடு, மெட்டி, வாட்ச்சு. சட்டப் பையில போட்டுக்க.

— போட்டுகினேன். தண்ணி குடி.

— வேணாம். மாமா, இங்க பாரேன். எல்லாம் நம்ம மோனிகாவவிட ரெண்டு வயசு மூத்ததுங்க.

— வேடிக்க பாக்காத. முன்னாடி நட, நான் பின்னாலயே வரேன்.

— பேரண்ட்ஸ்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம் போயி நில்லுங்க! ஏம்மா, உன்னத்தாம்மா. வழிய மறிச்சிகினு நின்னா புள்ளைங்க எப்பிடி உள்ள போவும்? உம் பொண்ணு போயிருச்சில்ல, தள்ளு தள்ளு.

— மாமா... செக்யூரிட்டி என்னப் போயி...

— கேட்டுகினுதான் இருக்கேன்.

— அந்தப் பொண்ணுங்க திரும்பித் திரும்பிப் பாக்குதுங்க. சிரிக்குதுங்க. வேணாம் மாமா. நீ சொன்னதே சரி. வா, வண்டிய எடு, போயிரலாம்.

— ஏம்மா, காதுல உழுவல? ஒன்றரை ஆவப்போவுது, கேட்டச் சாத்தணும். பேரண்ட் யாரும் இங்க நிக்கக் கூடாது.

— மன்னிச்சிக்குங்க சார். இதோ ஹால் டிக்கெட்டு, இவுங்கள உள்ள உடுங்க. பேரண்ட் நான்தான்.