நல்ல ரிப்போர்ட்

நான் ஊசி குத்தினால் வலிக்காது. இதை நானாகச் சொல்லவில்லை இன்ஸ்பெக்டர் மேடம், காரைக்காலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நெடுங்காட்டிலிருந்தும் போலகத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற கர்ப்பிணிகள், "தெட்சிணாமூர்த்தி சார் இருக்காருங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் லேப் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது லேபில் ரத்தம் பார்க்கும் மெஷினுக்காக. மெஷின் கோளாறு என்று எங்கள் முதலாளி உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அது பொய். தினமும் காலையில் அதைத் துடைத்து, சரிபார்த்துவிட்டுத்தான் முதல் ஆளை உட்கார வைப்பேன். அது ஒரு நாளும் தப்புச் சொன்னதில்லை.

சிவப்ரியாவை எனக்கு மிகவும் பிடிக்கும். நெடுங்காட்டுப் பெண். இரண்டு கரு கலைந்து, மூன்றாவது ஏழு மாதம் வரை வந்திருந்தது. பனிக்குடம் முன்னதாகவே உடைந்து கசிந்ததால், எங்கள் லேபுக்கு மேல்மாடியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதுமே கையை நீட்டிவிடுவாள்.

"இது போன வருஷம் மாங்கனித் திருவிழாவுல புள்ள வரம் வேண்டி எங்க வூட்டுக்காரரு புடிச்ச மாம்பழத்தால வந்த புள்ள சார். மாடியிலேருந்து வீசுனத அவ்வளவு கூட்டத்துல எகிறிப் புடிச்சாரு. முழங்கையெல்லாம் சிராய்ச்சுப் போச்சு."

பக்கத்தில் நிற்கும் அவள் புருஷன் சிவநாதன் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் மத்லேன் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "குழந்தை உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் நமக்கு நல்லது. ஆனா கிருமி பூந்துடுச்சுன்னா ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சி.ஆர்.பி. பாருங்க. ஏறினா உடனே எனக்கு போன் பண்ணுங்க."

சி.ஆர்.பி. என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். உடம்புக்குள் கிருமி புகுந்து அழற்சி தொடங்கினால், சில சமயம் காய்ச்சலுக்கு முன்பே அது ஏறிவிடும். பத்துக்குள் இருந்தால் டாக்டர் கவலைப்பட மாட்டார்.

முதல் ரிப்போர்ட் எட்டு. நானே மாடிக்குப் போய்ச் சொன்னேன். சிவப்ரியா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிவநாதன் ஓடிப்போய் அல்வா வாங்கி வந்து நர்ஸ்களுக்கெல்லாம் கொடுத்தான். அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் முப்பத்தெட்டு.

மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே முப்பத்தெட்டு. மாடியில் அவள், ஆஸ்பத்திரி அறையிலேயே நடக்கப்போகும் வளைகாப்புக்கு எந்தப் புடவை என்று அம்மாவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்பு ஒரு முறை தருமபுரத்துப் பெண் ஒருத்திக்கு இப்படி ஏறிய எண்ணை அப்படியே கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சௌக்கியம். ஆனால் கெட்ட சேதி சொன்னவன் என்று அவள் இன்றுவரை என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் அடிப்பது நான்தான். எட்டு என்று அடித்தேன். வெள்ளையணு எண்ணிக்கையையும் அதற்குத் தகுந்தாற்போல் குறைத்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் டாக்டர் குழம்பிப்போவார்.

ஐந்தாம் நாள் தொண்ணூற்று நான்கு. ஏழு என்று அடித்தேன். முன்னதைவிட ஒன்று குறைவாக இருந்தால் பார்த்தவுடன் சந்தோஷப்படுவாளே என்றுதான். சந்தோஷப்பட்டாள். டாக்டர் மத்லேன்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் ரெண்டு வாரம் தள்ளிடலாம் போலிருக்கே" என்றார்.

ஆறாம் நாள் அவளுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. டாக்டர் முதலில் என் ரிப்போர்ட்டைத்தான் எடுத்துப் பார்த்தார். ஏழு என்று இருந்ததால் வேறு ஏதோ காய்ச்சல் என்று நினைத்து, மறுநாள் காலைவரை பொறுத்தார். அவர்மேல் தப்பே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஆபரேஷன். பெண் குழந்தை. இரண்டு மணி நேரம் இருந்தது. சிவப்ரியா நான்கு நாள் இருந்தாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?" என்று கேட்டீர்கள். தெரிந்தேதான். முப்பத்தெட்டும் தொண்ணூற்று நான்கும் மெஷினின் பதிவில் அப்படியே இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். எண்ணை மாற்றியது இந்த விரல்கள்தான். ஆனால் அந்தப் பெண் ஐந்து நாள் ஒரு பயமும் இல்லாமல் இருந்தாள். அதைக் கொடுத்ததும் நான்தான்.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு மாத்தினீங்க?" என்கிறீர்கள்.

பதினேழு பேருக்கு, மூன்று வருஷத்தில். எல்லோரும் சிரித்த முகத்தோடு படி இறங்கிப் போனவர்கள்.

"அவங்கள்லாம் இப்ப எப்படி இருக்காங்க?"

நன்றாகத்தான் இருப்பார்கள் மேடம். நான் போய்க் கேட்டதில்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது?