வெளிய மாலையோட நிக்காவ

இல்ல சாரே, உக்காரல. நின்னுக்கிட்டே சொல்லுதேன். மலையாளம் தெரியும், இருவது வருசமா இங்க ஆரியசாலையில ஓட்டல்ல காய் நறுக்குதேன், தெரியாம இருக்குமா? பதட்டம் வந்தா தமிழ்தான் வருது, பொறுத்துக்கிடுங்க.

ஷிபுவோட அம்மைதான். காலையில கொடிக்கம்பத்தால அடிச்சான்னு ஸ்டேஷனுக்குப் புடிச்சிட்டு வந்தியல்லா, அவன். இவன் கட்சிக்காரனுவ நட்ட கம்பத்த பெரிய கட்சிக்காரப் பயலுவ புடுங்கிப் போட்டானுவ. இவன் அதையே எடுத்து ஒருத்தன் மண்டையில போட்டுட்டான். செஞ்சது தப்புதான், நான் இல்லங்கல.

நாலு பேரு இருக்க கட்சியில என்னத்துக்குப் போய்ச் சேந்தான்னுதானே கேக்கிய? நானும் கேட்டேன், வெளக்குமாத்தக் கையில வச்சிக்கிட்டே கேட்டேன். பேரப் பாருங்க, ஷிபு. புள்ள இங்கத்தவனா வளரட்டும்னு அவங்க அப்பா வச்ச பேரு. பள்ளிக்கூடத்துல ஒருத்தன் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடல. பாண்டி. தமிழனுக்கு இங்க அதானே பேரு. ஐடிஐ முடிச்சிட்டு, விழிஞ்ஞம் துறைமுகத்துல ஆள் எடுக்காவன்னு பெரிய கட்சி ஆபீஸ் வாசல்ல சிபாரிசுக்கு நாயாக் கெடந்தான். கொடி புடிக்க மட்டும் கூப்பிட்டாவ. கூட்டம் முடிஞ்சா, அந்தப் பாண்டிக்கு ஒரு சாயா வாங்கிக் குடுத்து அனுப்புன்னு சொல்லுவாவளாம்.

இந்த ஆன்சன் வக்கீல் கட்சியில, போன அன்னிக்கே நாற்காலி போட்டு உக்கார வச்சாராம். மைக்க கையில குடுத்து, அடுத்து ஷிபு பேசுவாருன்னு சொன்னாராம். ரெண்டு நாளு அதையே திரும்பத் திரும்ப எங்கிட்டச் சொன்னான். பேசுவாருன்னு சொன்னாவம்மா, பேசுவாருன்னு. கொள்கையா? அதெல்லாம் எனக்குத் தெரியாது சாரே. அவனுக்கே பொறவுதான் தெரிஞ்சிருக்கும்.

வக்கீல் வெளியதான் நிக்காரு, பாத்தேன். ஜாமீனுக்கு ஆளும் கொண்டாந்திருக்காரு. கூடப் பத்துப் பன்னெண்டு பயலுவ, மாலையும் செண்டை மேளமுமா. இவன் வெளிய வந்ததும் மாலை போட்டு ஜங்ஷன் வழியா ஊர்வலமாக் கூட்டிட்டுப் போறாவளாம். அந்த ஜங்ஷன்லதான் மண்டை ஒடஞ்ச பயலோட அண்ணந்தம்பிமாரு உக்காந்திருக்கானுவ. நான் அது வழியாத்தான் வந்தேன். என்னயப் பாத்ததும் கையில இருந்த கம்பையெல்லாம் முதுகுக்குப் பின்னால மறச்சானுவ.

மாலையப் போட்டா அவன் அவங்க பின்னாலயே ஊர்வலம் போயிருவான். பொறந்ததுலருந்து அவன் கழுத்துல யாரு மாலை போட்டிருக்கா, வேண்டாம்னு சொல்லுததுக்கு?

இல்ல சாரே, விடச் சொல்லி நான் வரல. எங்கிட்டயும் அவன் மேல ஒரு பராதி, புகாரு, எழுதி வாங்கிக்கிடுங்க. பெத்த தாயப் போட்டு அடிச்சான், வெளிய விட்டா எனக்குப் பயமா இருக்குன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுதேன். அத வச்சு கொஞ்ச நாளு உள்ள வச்சிக்கிடலாம்லா?

காயமா? இந்தா, முழங்கையில. ஓட்டல் அம்மிக்கல்லுல நானா இடிச்சிக்கிட்டு வந்தேன். இதுவரைக்கும் அவன் எங்கிட்டச் சத்தம் போட்டுக்கூடப் பேசுனதில்ல.

அத மட்டும் எழுத வேண்டாம்.